மைனஸ் இரண்டரை ரீம்

நில அளவை அலுவலகத்தில் முழுப் பென்சிலைப் பிடித்து எழுதியவர்கள் யாரும் இல்லை. புதுப் பெட்டி வந்த அன்றே ஸ்டோர் கீப்பர் அம்மாள் ஒரு சின்ன ரம்பத்தை எடுத்து ஒவ்வொரு பென்சிலையும் நடுவில் அறுத்துவிடுவார். ஒரு பாதி, கேட்பவருக்கு. அதன் அடிக்கட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் மறு பாதி. கட்டை சுண்டுவிரல் நகத்தைவிட நீளமாக இருந்தால், "இன்னும் நாலு நாள் ஓடும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பல்பு வேண்டுமென்றால் ஃப்யூஸ் போன பல்பை ஒப்படைக்க வேண்டும். அதையும் காதருகில் ஆட்டிப் பார்த்துத்தான் நம்புவார். வந்த தபால் உறைகளைப் பிரித்து, உட்புறம் வெளியே வருமாறு ஒட்டி, மறுபடி அனுப்புவார். தலைமை அலுவலகத்துக்கும் இங்குமாக நான்கு முறை போய்வந்த உறை ஒன்று உண்டு. கடைசியில் தபால்காரரே அதை அடையாளம் கண்டுகொண்டார்.

அலுவலகத்தில் அவருக்கு 'அரைப் பென்சில்' என்று பெயர். அது அவருக்குத் தெரியும். பட்டப்பெயரைக்கூட முழுதாக வைக்காத அளவுக்காவது சிக்கனம் கற்றுக்கொண்டார்களே என்று எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கடைசி இரண்டு வருடத்தில் வெளியூருக்குப் பதவி உயர்வு இரண்டு முறை வந்தது, இரண்டையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு நடந்தால் பத்து நிமிடம். மாமனாருக்கு இரண்டு வருடம் முன்பு இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் ஒரு மணிக்கு மருமகள் வந்து ஊட்டினால்தான் சாப்பாடு. கணவர் கூட்டங்களுக்கு மேடை போடுபவர். மாதத்தில் இருபது நாள் ஏதாவது ஓர் ஊரில் கம்பம் நட்டுக்கொண்டிருப்பார். நடுவில் ஒருமுறை ஆள் வைத்துப் பார்த்தார்கள். அந்த நர்ஸ் ஒரே ஒரு நாள்தான் வந்தாள். "ஸ்பூனைக் கடப்பாரை மாதிரி வாய்க்குள்ள விடுறா" என்று மாமனார் அன்று முழுவதும் பட்டினி கிடந்தார்.

இப்படி இருக்கையில்தான் சுற்றறிக்கை வந்தது.

பசுமைக் கொள்முதலும் நீடித்த செயல்பாடும் என்று தலைப்பு. பதினெட்டுத் தாள். ஸ்டோர் கீப்பர் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அத்தனையும் வெள்ளை. நான்காக வெட்டினால் எழுபத்திரண்டு குறிப்புச் சீட்டு தேறும் என்று மனதில் போட்டுக்கொண்டார். படித்தவள் டைப்பிஸ்ட்தான். அந்த அலுவலகத்தில் சுற்றறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் ஒரே ஆள் அவள். பதினொன்றாம் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனாள். ஸ்டோர் கீப்பரையும் கூப்பிட்டார்கள்.

"வரும் மாதம் அடிப்படை மாதமாகக் கொள்ளப்படும்," என்று டைப்பிஸ்ட் வாசித்தாள். "அந்த மாதத்தில் செலவான பொருள்களில் இருபது சதவீதத்தை அடுத்த ஆறு மாதங்களில் குறைக்க வேண்டும். குறைக்காத அலுவலகங்களின் ஸ்டோர், தலைமைக் கிடங்கோடு இணைக்கப்படும். ஸ்டோர் பணியாளர் பொருள்களுடன் அங்கு மாற்றப்படுவார்."

தலைமைக் கிடங்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 'பொருள்களுடன்' என்ற சொல் ஸ்டோர் கீப்பரின் மனதில் தங்கிவிட்டது. வாளிக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில் தன்னையும் லாரியில் ஏற்றி வைத்திருப்பதுபோல ஒரு காட்சி வந்து போனது.

"நமக்கென்னம்மா கவலை? சிக்கனத்துல நம்மள அடிச்சுக்க ஆளே கிடையாதே," என்றார் அதிகாரி. அவருக்குப் பேச்சு நன்றாக வரும்.

"அதாங்க சார் கவலையே," என்றாள் டைப்பிஸ்ட். "நாம மாசத்துக்கு நாலு ரீம் பேப்பர்தான் எடுக்கறோம். பென்சில் பதினொண்ணு. பல்பு ஒண்ணு. இதுல எங்க போய்க் குறைக்கறது?"

"ஒரு பல்புல எப்படி இருபது சதவீதம் குறைக்கறது?"

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கணும் சார்."

அதிகாரி ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். அதே சுற்றறிக்கை போயிருந்த இன்னோர் அலுவலகம் அது. "அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்களுக்கு மாசம் தொண்ணூறு ரீம் சார். அவங்க மேனேஜர் வர்ற ஈமெயிலையெல்லாம் பிரிண்ட் எடுத்து, 'பார்த்தேன்'னு பேனாவால எழுதி, அதை ஸ்கேன் பண்ணித் திருப்பி அனுப்புவார். அவர் ஒருத்தர் லீவு போட்டாலே இருபது சதவீதம் குறைஞ்சிடும். குண்டா இருக்கறவனுக்கு இளைக்கறது சுலபம். எலும்பும் தோலுமா நிக்கறவன் எதைக் குறைப்பான்?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்போ இந்த ஒரு மாசம் தின்னு கொழுத்துடணும். அப்புறம் இளைச்சுக் காட்டலாம். அம்மா, ஒண்ணாந்தேதியிலேருந்து ஸ்டோர் கதவைத் திறந்து வச்சிடுங்க. கேட்டதுக்கு மேலயே குடுங்க."

"வீணாப் போகுமே சார்."

"போகணும்மா! அதான் திட்டமே!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா, சும்மா ரிஜிஸ்டர்ல ஒரு முப்பது ரீம்னு எழுதிடுங்களேன்."

"இருப்பை எண்ணிப் பாப்பாங்க சார். எண்ணிப் பாக்கலைன்னாலும் எழுத மாட்டேன். பத்தொன்பது வருஷத்துல இல்லாததை எழுதினதில்ல."

விஷயம் எதிர்க் கட்டடத்துக்குத் தெரிந்து, அங்கிருந்து மேலிடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதால் மூன்று பேருக்கு மேல் யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று.

ஒன்றாம் தேதி காலையில் முதலில் வந்தவர் மூத்த சர்வேயர். நகத்தளவு தேய்ந்த அடிக்கட்டையை உள்ளங்கையில் வைத்து, பிரசாதம்போல நீட்டினார். ஸ்டோர் கீப்பர் அதைப் பார்க்கவே இல்லை. புதுப் பென்சில் பெட்டி ஒன்றை, அறுக்காத பன்னிரண்டு பென்சிலோடு, மேசைமேல் வைத்துத் தள்ளினார். ரத்தம் கொடுப்பவரைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சர்வேயர் இரண்டடி பின்னால் போனார். "ஏம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"எடுத்துக்குங்க."

"எல்லாமேயா?"

"பேப்பர் வேணுமா? ஒரு ரீம் தரட்டா?"

"நான் கேக்கலையேம்மா," என்றார் சர்வேயர், கிட்டத்தட்ட அழும் குரலில். கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை வெடிகுண்டுபோலத் தூக்கிக்கொண்டு வரைபடக் கூடத்துக்குப் போனார். நடு மேசையில் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்று அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"எச்சில் கையால காக்கா ஓட்டாத அம்மா," என்றார் வரைவாளர். "முழுசா ஒரு பெட்டி தர்றாங்கன்னா?"

"சோதனை வருதுய்யா," என்றார் சர்வேயர். "தாராளமாக் குடுத்துப் பாக்கறாங்க. யாரு வீட்டுக்குக் கொண்டு போறான்னு எண்ணப் போறாங்க. அவங்கவங்க கிட்ட இருக்கறத மரியாதையா ஒப்படைச்சுடுங்க."

இருந்தது. அதுதான் ஸ்டோர் கீப்பருக்குத் தெரியாத செய்தி. பத்தொன்பது வருடமாகப் பாதி பாதியாக வாங்கியவர்கள், நாளை இதுவும் கிடைக்காது என்ற பயத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பதுக்கி வைத்திருந்தார்கள். வரைவாளரின் இழுப்பறையில் அறுபத்து மூன்று அரைப் பென்சில்கள் இருந்தன. பீரோக்களின் தலையிலிருந்தும், நாற்காலி மெத்தைகளின் அடியிலிருந்தும், பழைய வரைபடச் சுருள்களின் வயிற்றிலிருந்தும் காகிதம் வெளியே வந்தது. ஒருவர் வீட்டிலிருந்து பல்பு கொண்டுவந்து, "எப்படியோ பையோட வந்துடுச்சும்மா," என்றார். மூன்று வருடம் முன்பு ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்து வந்தார். ஒரு பஞ்ச் மெஷினை மேசைமேல் வைத்தார். மனசு லேசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

ஸ்டோர் ரிஜிஸ்டரில் 'திரும்பி வந்தது' என்று ஒரு பத்தி உண்டு. வேறெந்த அலுவலகத்திலும் அது கிடையாது. ஸ்டோர் கீப்பர் தானே அளவுகோல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தது. வந்ததை வந்தது என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பன்னிரண்டாம் தேதி அதிகாரி கணக்குக் கேட்டபோது, கொடுத்தது ஐந்து ரீம், திரும்பி வந்தது பத்தொன்பது.

"மைனஸ் பதினாலா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஒரு ஆபீஸ் எப்படிம்மா மைனஸ்ல பேப்பர் செலவு பண்ணும்?"

"நாம பேப்பர் விளைய வைக்கிறோம் சார்," என்றாள் டைப்பிஸ்ட்.

அன்று மத்தியானம் கணவர் வீட்டில் இருந்தார். இரண்டு மேடைகளுக்கு நடுவில் ஒருநாள் ஓய்வு. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கையைத் தண்ணீரில் நீட்டியபடி ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

"பாரு, பாரு," என்றார் கட்டிலிலிருந்து மாமனார். "ஆத்தையே அனுப்பி வச்சாலும் அரை மணியில காலி பண்ணிடுவான். ஊதாரிப் பய."

ஸ்டோர் கீப்பர் குழாயை மூடினார். பிறகு, இருபத்தாறு வருட மண வாழ்க்கையில் கேட்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"ஏங்க, வீணாக்கறது எப்படின்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

கணவர் ஈரக் கையோடு திரும்பினார். ஒரு நாளைக்கு மேடை போட்டு மறுநாள் பிரித்து எறிவது அவர் தொழில். தெர்மாகோல் எழுத்துகள், பேனர், நூறு மீட்டர் துணி, யாரும் குடித்து முடிக்காத தண்ணீர் பாட்டில்கள். இத்தனை காலம் அதற்காகத் திட்டு வாங்கியவர், முதல்முறையாக மார்பை நிமிர்த்தினார். "அப்பா, கேட்டீங்களா? என் தொழிலுக்கும் ஒரு காலம் வந்திருக்கு."

"உனக்கென்னம்மா ஆச்சு?" என்றார் மாமனார். "நம்ம வீட்டுலயே நாம ரெண்டு பேருதான் மனுஷங்க."

மருமகள் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே அடிப்படை மாதத்தையும் நூற்று நாற்பது கிலோமீட்டரையும் சொன்னார். மாமனார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மறுபடி அந்த ஸ்பூன் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். மெதுவாக விழுங்கினார்.

"அப்போ பண்ணும்மா ஊதாரித்தனம்," என்றார். "நான் கண்ணை மூடிக்கறேன்."

"உன்னால தனியா முடியாது," என்றார் கணவர், நிபுணரின் குரலில். "ஆத்துல போடச் சொன்னாலும் அளந்து போடற ஆளு நீ. உன்கிட்ட வேலை பாக்கறவங்களும் அப்படித்தான். இதுக்கு ஒரே வழி விழா. விழாவுக்கு மேல வீணாக்க உலகத்துல ஒண்ணும் கிடையாது. அதுவும் சிக்கனத்தைப் பத்தின விழான்னா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

அதிகாரிக்கு யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. இருபத்தைந்தாம் தேதி அலுவலக மைதானத்தில் 'காகிதம் காப்போம்' விழிப்புணர்வு விழா. இருநூறு பேர் வருவார்கள். பத்தாயிரம் துண்டறிக்கை. தலைக்கு ஐம்பது வருகிறதே என்று டைப்பிஸ்ட் கேட்டதற்கு, "செய்தி ஆழமாப் பதியணும்" என்றார். ஒரு முழுத் தாளுக்கு ஒரு துண்டறிக்கை. "ரெண்டு பக்கமும் அடிச்சுத் தொலைச்சிடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். ரீமுக்கு ஐந்நூறு தாள் கணக்கில் இருபது ரீமுக்கான சீட்டு ஸ்டோருக்கு வந்தது. ஸ்டோர் கீப்பர் அதைக் கால் மணி நேரம் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மாமனாரின் பசித்த வாயை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவருடையதுபோலவே இல்லை.

விழா நன்றாக நடந்தது. கணவர் தன் திறமை அத்தனையும் காட்டியிருந்தார். மேடையில் தெர்மாகோலில் ஓர் ஆள் உயர மரம் நின்றது. அதிகாரி காகிதத்தைக் குறைக்க வேண்டியதன் அவசியத்தை இருபத்தாறு பக்கம் பார்த்துப் படித்தார். மாலைக் காற்று வந்து துண்டறிக்கைகளை மைதானம் முழுவதும் பரப்பியது. கூட்டம் கலைந்து, அவற்றின்மேல் நடந்து போயிற்று. மைனஸ் பதினான்கில் இருபதைக் கூட்டினால் ஆறு. ஆறிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் அடுத்த ஆறு மாதமும் வழக்கமான நாலு ரீம் தாராளமாகப் போதும். அதிகாரி ஸ்டோர் கீப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தப்பிச்சிட்டோம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஸ்டோர் கீப்பர் போகவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்றார். கணவரின் ஆட்கள் மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீளத் துடைப்பத்தோடு இருவர் காகிதத்தைக் குப்பை வண்டிப் பக்கம் தள்ள ஆரம்பித்தார்கள். காலடியில் ஒரு துண்டறிக்கை கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்பக்கம் பால்போல வெள்ளை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தார். இதில் கை வைத்தால் மாமனார் பட்டினி என்றும் நினைத்தார். அவ்வளவும் நினைத்துக்கொண்டே குனிந்தார். ஒன்றை எடுத்தார். ஓரத்தை நீவிவிட்டார். பக்கத்தில் இன்னொன்று.

நிமிர்ந்தபோது வரைவாளரும் குனிந்திருந்தார். அப்பால் மூத்த சர்வேயர், சங்கிலி பிடித்து நிலம் அளப்பதுபோல வரிசையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், குனியாமல் இருக்க அவர்களுக்கு வரவில்லை.

"ஏய், என்ன பண்றே?" கணவர் மேடையின் மேலிருந்து கத்தினார். "மூணு நாள் பாடுபட்டு இறைச்சிருக்கேன்!"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க!"

பதினேழு ரீம் தேறியது. ஒருபக்கத் தாளுக்கு ஸ்டோரில் ஒரு கணக்கு இருந்தது, அதுவும் அவரே வகுத்தது: இரண்டு ஒருபக்கத் தாள் ஒரு முழுத் தாளுக்குச் சமம். மறுநாள் காலை 'திரும்பி வந்தது' பத்தியில் எட்டரை என்று எழுதினார். ஆறில் எட்டரை போனால் மைனஸ் இரண்டரை.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "இதை யாரும்மா உங்களை எழுதச் சொன்னா?"

"வந்துச்சே சார். வந்ததை வரலைன்னு எப்படி எழுதறது?"

"உங்க மாமனாரை நினைச்சீங்களா?"

"நினைச்சுக்கிட்டேதான் பொறுக்கினேன் சார்," என்றார்.

மாதத்தின் கடைசி நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, தன் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். இருப்பை எண்ணினார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். அடிப்படை மாதச் செலவு என்ற கட்டத்தில் மைனஸ் இரண்டரை என்று அடித்தார். கட்டம் சிவப்பாயிற்று. அழித்து மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"படிவம் மைனஸை ஏத்துக்காதாம். பூஜ்யம்னு போடச் சொல்றாங்க."

"போடுங்க மேடம், போடுங்க," என்றார் அதிகாரி.

"சார்," என்றாள் டைப்பிஸ்ட். "பூஜ்யத்துல இருபது சதவீதம் குறைச்சாலும் பூஜ்யம்தான். ஆறு மாசத்துக்கு ஒரு தாள் எடுக்க முடியாது. சர்வேயர் சார் நிலத்தை அளந்துட்டு அங்கயே மண்ணுல எழுதி வச்சிட்டு வரணும்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. ஸ்டோரைப் பார்க்க வேண்டும் என்றார். மற்றவர்களை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டோர் கீப்பரோடு உள்ளே போனார். இரும்பு அலமாரிகளில் அடிக்கட்டைகள் நீளவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. உடைந்த ஸ்டேப்ளர்களிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகள் ஒரு டப்பாவில். பழைய நாற்காலிச் சக்கரங்கள் இன்னொன்றில். திருப்பி ஒட்டிய உறைகள் அளவுவாரியாக நூலில் கட்டியிருந்தன. ஆய்வாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அரைமணிக்கு மேல் ஆயிற்று. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினோரு ஆபீஸ் பாத்துட்டு வர்றேம்மா. எல்லா இடத்துலயும் சுவத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. குப்பைத் தொட்டிகூடப் பச்சையாப் புதுசு வாங்கியிருக்காங்க, பழசைக் குப்பையில போட்டுட்டு. இப்படி ஒண்ணை நான் பாக்கவே இல்ல." ஸ்டோர் கீப்பரின் தோளில் கை வைத்தார். "உங்களைத் தலைமைக் கிடங்குக்கு எடுத்துக்கப் போறேன். முப்பத்திரண்டு ஆபீஸ் ஸ்டோருக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். பதவி உயர்வோட. இன்னைக்கே எழுதிடறேன்." லேப்டாப்பைத் திறந்து சிபாரிசை அங்கேயே அடித்தும் வைத்தார்.

ஸ்டோர் கீப்பர் மனதுக்குள் கணக்குப் போட்டார். தோற்றாலும் நூற்று நாற்பது கிலோமீட்டர், ஜெயித்தாலும் அதே நூற்று நாற்பது.

"மேடம், நீங்க நினைக்கற மாதிரி ஆளு நான் இல்லைங்க," என்றார். "நான் ரொம்ப வீணாக்குவேன். பாருங்க."

திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு முழுப் பென்சிலை எடுத்தார். மேசையில் திருகி வைத்திருந்த சீவும் கருவியில் சொருகிக் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். பாதிப் பென்சில் போயிற்று. நெற்றியில் வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் பென்சில்வரை போனார்.

"இப்படித்தான் நான் தினமும்," என்றார் ஸ்டோர் கீப்பர் மூச்சு வாங்க.

"சரி. சீவின தூளை என்ன பண்ணுவீங்க?"

"கரித்தூளைத் தனியாப் பிரிச்சு பூட்டுக்குப் போடுவோம், எண்ணெய் வேண்டியதில்ல. மரச்சீவலை ரெக்கார்டு ரூம்ல பூச்சி வராம..." சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் இடது கை, தூள் கீழே சிந்தாதபடி கருவியின் அடியில் ஒரு பழைய உறையைப் பிடித்திருந்தது.

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கும்மா இந்தப் பாடு? பதவி உயர்வுன்னா யாரும் இப்படி அலற மாட்டாங்களே."

"மணி என்னங்க மேடம்?"

"ஒண்ணு பத்து."

"ஐயோ, மாமா!" ஸ்டோர் கீப்பர் சாவியைத் தேடினார். "மன்னிச்சுக்கங்க மேடம், நான் வீட்டுக்குப் போகணும். மாமனாருக்குக் கை நடுக்கம், நடக்கவும் முடியாது. நான் போய் ஊட்டினாத்தான் உண்டு. அங்க வந்துட்டா அவருக்கு யாரு இருக்காங்க? அதான் மேடம் விஷயம். வேற ஒண்ணும் இல்ல."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்லைங்களே."

அலுவலகத்தின் வாசலில் அதிகாரியும் மற்றவர்களும் நின்று பார்க்க, ஸ்டோர் கீப்பர் ஓட்டமும் நடையுமாகப் போனார். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆய்வாளரும் பின்னால் போனார். ஆய்வு முடியாமல் அவர் கிளம்ப முடியாது, சாவியோ முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணு இருபத்தஞ்சு," என்றார் மாமனார், கதவு திறந்ததுமே. பிறகு பின்னால் நின்றவரைப் பார்த்தார். "யாரு இது? புது நர்ஸா? ஸ்பூன் வேண்டாம்னு சொல்லிடு."

"இல்ல மாமா. ஆய்வாளர் மேடம்."

"எதை ஆய்வு பண்ணப் போறாங்க? என்னையா? ஒரு கவளம்கூடக் குறைக்க மாட்டேன்னு எழுதிக்கச் சொல்லு."

ஆய்வாளர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஸ்டோர் கீப்பர் கையைக் கழுவிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்து, ஊட்டத் தொடங்கினார். சிந்திய பருக்கை ஒன்றும் இல்லை. ஆய்வாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேப்டாப்பை மடிமேல் திறந்தார். இதுவரை அடித்திருந்த சிபாரிசை அழிக்கும் சத்தம் கேட்டது.

"அடிப்படை மாதம் அளக்க முடியவில்லை, அடுத்த வருடம் மறுபடி அளக்க வேண்டும்," என்று சொல்லிக்கொண்டே அடித்தார். "அதுவரைக்கும் உங்க ஸ்டோரை யாரும் தொட முடியாது."

"அடுத்த வருஷமும் மைனஸ் வந்தா?"

"அப்பவும் கட்டம் சிவப்பாத்தான் இருக்கும். சிவப்பா இருக்கற படிவத்தைக் கையில எடுக்க எங்க ஆபீஸ்ல யாருக்கும் தைரியம் கிடையாது." இன்னும் இரண்டு வரி அடித்தார். "உங்களை அங்க அனுப்பணும்னாத்தான் நான் மேல கேக்கணும். அவங்களை இங்க அனுப்ப நானே போதும். முப்பத்திரண்டு ஸ்டோர் கீப்பரும் ரெண்டு ரெண்டு பேரா வந்து உங்ககிட்ட கத்துக்கட்டும். சம்மதமா?"

ஸ்டோர் கீப்பரின் கை பாதியில் நின்றது. கண் கலங்கியது. முப்பத்திரண்டு பேர் என்ற எண் அதற்குள் மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

"சம்மதம்ங்க மேடம்," என்றார். "டீ குடிக்க டம்ளரை மட்டும் அவங்கவங்களே கொண்டுவரச் சொல்லிடுங்க."

"சாப்பாட்டையும்," என்று சொல்லிவிட்டு, மாமனார் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.